இரண்டாம் முழுக்கு

தொட்டி அறைவாசலில் மாட்டிக்கொண்டது. தூக்கி வந்தவன் ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுகிற பிளம்பர். தொட்டியின் நீளத்தை அளந்தான், ஆழத்தை அளந்தான், சொந்த வீட்டுக் கதவின் அகலத்தை மட்டும் அளக்கவில்லை. அவன் போகிற ஜெபசபையில் 'மைக்' என்று பெயரெடுத்த தடித்த மனிதர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "சாய்ச்சுத் தள்ளு தம்பி, சாய்ச்சுத் தள்ளு!" என்று வீடு அதிரக் கத்தினார். கடைசியில் கூடத்திலேயே இறக்கிவைத்தார்கள்.

உள்ளே கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் பிளம்பரின் அம்மா. நுரையீரலில் நீர் கோத்து மூன்று வாரம். டாக்டர் கையை விரித்துவிட்டார். சபைப் போதகர்தான், "கைக்குழந்தைக்குத் தலையில ஊத்தினதெல்லாம் ஞானஸ்நானமே இல்ல. முழுசா முங்கி எந்திரிச்சாதான் ரட்சிப்பு" என்று மகனை மிரட்டிவைத்தார். மறுநாளே தொட்டி வந்துவிட்டது.

மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அதே சபைதான். டியூட்டி முடிந்து வந்தவள், புருஷன் வாளி வாளியாக ஊற்றுவதைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் கைப்பையை வீசிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? இந்த நிலைமையில முக்கினா அத்தை திரும்ப எந்திரிக்கவே மாட்டாங்க."

"வெந்நீர்தான் ஊத்தியிருக்கேன்."

வெந்நீராம்! என்ன கரிசனம்!

"அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"எனக்கு ஏற்கெனவே ஊத்தியாச்சுப்பா. எங்கப்பா என்னைக் கையில ஏந்திட்டுப் போய் மாதா கோயில்ல ஊத்த வச்சாரு. அது செல்லாதுன்னு சொல்ல நீ யாருடா? எங்க கோயில் சாமியாரைக் கூப்பிடு. சாகப்போறவங்களுக்குப் பூசுற எண்ணெயைப் பூசட்டும். நிம்மதியா போயிடுறேன்."

தொட்டியருகே நின்ற போதகர் இரக்கத்தோடு புன்னகைத்தார். "பாவம், அம்மாவுக்கு நினைவு தடுமாறுது. தூக்குங்க."

காலையில் தன் மாத்திரையைத் தானே கேட்டு வாங்கி விழுங்கியவளுக்கு நினைவு தடுமாறுகிறதாம்! மருமகள் குனிந்தாள். தொட்டியின் அடியில் இருந்த அடைப்பானை ஒரே பிடுங்காகப் பிடுங்கினாள். தண்ணீர் குபுகுபுவென்று கூடமெங்கும் ஓடியது. போதகர் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்.

"நீயும் விசுவாசிதானேம்மா?"

"ஆமா பாஸ்டர், முங்கினவதான். முங்காட்டிக் கல்யாணம் இல்லன்னு சொன்னீங்க, முங்கினேன். எனக்கு விசுவாசம் வந்தது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, நானா தேடி வந்தது. அத்தைக்கு எந்தக் கல்யாணத்தை நிறுத்தப்போறீங்க?"

மைக் முதல் ஆளாக வாசலுக்கு நகர்ந்தார். போதகர் வாசலில் திரும்பினார். "இனிமே இந்த வீட்டு வாசல்ல காலெடுத்து வைக்க மாட்டோம்."

"சரிங்க. தரை வழுக்கும், பாத்துப் போங்க."

அவர்கள் போனதும் பிளம்பர் உடைந்த குரலில் கத்தினான். "எங்கம்மா நரகத்துக்குப் போனா நீதான் பொறுப்பு!" அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே பயந்திருந்தான். அம்மாவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தான். அதுதான் மனைவிக்கு இன்னும் ஆத்திரம்.

"பொறுப்பு என்னுதாவே இருக்கட்டும்" என்றபடி மாமியாரின் கோயிலுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் சாவகாசமாக, "நீங்க நம்ம கோயில்ல பதிஞ்ச குடும்பமா?" என்று விசாரித்தார். அங்கேயும் இதே கதையா!

"நான் வேற சபைங்க. சாகக் கிடக்கிறவங்க உங்க ஆளு. சாமியாரை உடனே அனுப்புங்க."

மாமியார் அவள் கையைப் பற்றினாள். "அவரு வர்ற வரைக்கும் நீ ஜெபம் பண்ணும்மா. உன் வழக்கப்படியே பண்ணு. எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது."

ஈரத்தரையில் முழங்கால் போட்டாள். அவர்கள் சபையில் கண்ணை மூடித்தான் ஜெபிப்பார்கள். ஆனால் அறைவாசலில் புருஷன் இன்னொரு வாளித் தண்ணீரோடு நின்றிருந்தான். கண்ணை அவன்மேல் வைத்துக்கொண்டே அவள் ஜெபித்தாள்.