டாக்டரம்மா காரின் எஞ்சின்

தலை பாதி நரைத்த பிறகும் ஷெட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பழைய மாடல் கார்களை மட்டும் பழுது பார்க்கும் அந்த ஷெட்டை அவளுடைய அப்பா ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கினார். அவர் போன பிறகு எஞ்சின் வேலை பாப்பாவுடையது. வருகிறவர்களிடம் பேசுவது, பேரம், கல்லா எல்லாம் அண்ணனுடையது. அண்ணனுக்கு வாய் சாமர்த்தியம். யார் வந்தாலும் உட்கார வைத்து ஷெட்டின் கதையை ஆதியிலிருந்து ஆரம்பிப்பான். கழற்றிய துருப்பிடித்த நட்டைக்கூட அப்பா காகிதத்தில் பொதிந்து வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவார் என்ற இடத்தில் அவன் குரல் தழுதழுக்கும். கேட்டவர்கள் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள்.

டாக்டரம்மா அப்பா காலத்திலிருந்தே வருகிறவர். ஒருமுறை அவருடைய காரின் எஞ்சின் பிளாக்கில் விரிசல் விழுந்தது. தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார்கள் எல்லோரும். தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த பாப்பா, பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டினாள். அவள் தனியாகச் செய்த முதல் வேலை அது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்தார். அவர் திட்டவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணன் வெளியூர் போயிருந்த ஒரு நாள், பழைய கார் வியாபாரி ஒருவர் அதே மாடல் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆயில் கசிகிறதாம். பாப்பா பானெட்டைத் திறந்து பிளாக்கைத் துணியால் துடைத்தாள். அழுக்குக்கு அடியில் மஞ்சளாக ஒரு பித்தளைக் கோடு. நடுவில் கொஞ்சம் கோணல். அன்றைக்கு அவள் கை நடுங்கிய இடம்.

இந்த எஞ்சின் ஏது என்று கேட்டாள்.

"உங்க அண்ணன்கிட்ட வாங்கினதுதாங்க. ஒரிஜினல் எஞ்சின், கெடைக்கவே கெடைக்காதுன்னாரு."

பாப்பாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அம்மாவின் இடுப்பு ஆபரேஷனுக்காக அவள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த சமயத்தில்தான் டாக்டரம்மாவின் கார் சர்வீசுக்கு வந்து போயிருந்தது. எங்கோ உடைத்த வண்டியின் எஞ்சினை வெளியாள் ஒருவனை வைத்து அதில் மாட்டி அனுப்பியிருக்கிறான் அண்ணன்.

அண்ணன் ஊரிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாப்பா அவனை அம்மாவின் கட்டிலருகே நிறுத்திக் கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"வண்டி ஓடுதில்ல? எஞ்சினப் பத்தி அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுன்னுதானே நம்மள நம்பி விட்டுட்டுப் போறாங்க."

கூடப் பிறந்தவனை இப்படியா நிற்க வைத்துக் கேட்பது என்று அம்மா குறுக்கே வந்தாள். அதுதான் சாக்கென்று, எல்லாம் அம்மா ஆபரேஷனுக்காகத்தான் என்றான் அண்ணன். அந்தச் செலவுக்குப் பாப்பாவின் வளையல்கள் போனது மூன்று பேருக்கும் தெரியும். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பாப்பா டாக்டரம்மா வீட்டுக்குப் போய் மறைக்காமல் சொன்னாள். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. உங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு துணிச்சலா என்று கேட்டார். செய்தவன் ஷெட்டில் சொகுசாக உட்கார்ந்திருக்க, சொல்ல வந்தவள் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று பாப்பாவுக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

போலீசுக்குப் போவேன் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பிய பிறகுதான் அண்ணன் வியாபாரியின் காலைப் பிடித்து எஞ்சினைத் திரும்ப வாங்கிவந்தான். பாப்பாவே அதைப் பொருத்தினாள். டாக்டரம்மா வந்தார், ஓட விட்டுக் கேட்டார், சத்தத்தில் குறையில்லை என்றார். இனிமேல் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இதற்காகவே காத்திருந்தவன்போல அண்ணன் கல்லா இருக்கும் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"வாய மூடிட்டு இருந்திருந்தா அவங்க நம்மகிட்டயே இருந்திருப்பாங்க. இப்ப என்ன சாதிச்ச?"

பாப்பா கிரீஸ் கையோடு உள்ளே போனாள்.

"எந்திரி. இனிமே வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன். இல்லேன்னா நாளையிலேர்ந்து எஞ்சின் வேலையும் நீயே பாத்துக்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனான்.

சற்றுப் பொறுத்து யாரோ ஒருவர் எட்டிப் பார்த்து, முதலாளி இல்லையா என்று விசாரித்தார்.

"நான்தான், சொல்லுங்க" என்றாள் பாப்பா. கோபம் இன்னும் ஆறாததால் குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது.