அழக்கூடாத சாவு

"எம் பொஞ்சாதிய ஒரே ஒரு தடவ அழ வச்சிடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டு ஒருத்தன் எங்கள் ஆபீசுக்கு வந்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில், வாசலில் சிவப்பு முக்கோணம் வரைந்த குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் அது. அறுபத்தேழில் புது ஆட்சி வந்த மறு வருடம். இரண்டு பிள்ளைக்கு மேல் வேண்டாம் என்று ஊரைச் சம்மதிக்க வைப்பதற்காக எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஊர் அதற்கு மட்டும் வராது. மாமியார் சண்டை, குடிக்கிற புருஷன், ஓடிப்போன பெண் என்று மற்ற எல்லாவற்றுக்கும் வரும். காரணம் வடிவாம்பாள். சென்னையில் சமூக சேவை படித்துவிட்டு வந்தவள். அவள் எதிரில் போய் உட்கார்ந்தால் ஊமையும் வாயைத் திறப்பான். எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, டாக்டர் இல்லை என்று திருத்திப் பார்த்து அலுத்துப் போய் விட்டுவிட்டாள்.

நான் அங்கே குமாஸ்தா. அவள் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் தடுப்பு இருந்தது. பேசுவது ரகசியமாக இருக்கவேண்டுமாம். துணி எந்தக் காலத்தில் காதை மறைத்தது? இருமினால்கூடக் கேட்கும், ஓரத்து இடுக்கு வழியாக ஆளும் தெரியும். மாதாமாதம் எத்தனை பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்புவேன். எத்தனை பேர் வந்து அழுதுவிட்டுப் போனார்கள் என்று எவனும் கேட்டதில்லை.

வந்தவன் பெயர் முனிரத்தினம். பட்டு நெசவு. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். சித்திரை மாதம் அவனுடைய பிள்ளை ஏகாம்பரம் அம்மை போட்டு இறந்துவிட்டான். எட்டு வயதுப் பையன். அன்றிலிருந்து பெண்டாட்டி தையல்நாயகி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அம்மைச் சாவுக்கு அழக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்திருப்பது வியாதி இல்லை, ஆத்தா. அவள் வந்தாள், விளையாடினாள், பிடித்ததை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு ஒப்பாரி வைத்தால் அவளைக் குறை சொன்னது போல ஆகும். கோபித்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்குத் திரும்பி வருவாள். அதனால் மேளம் கிடையாது, மாரடிப்பு கிடையாது. துக்கம் விசாரிக்கக்கூட ஒருவரும் படியேறவில்லை.

"ஊரு முன்னால அழாம இருந்தா சரிம்மா. வேப்பிலைய எடுத்து, தண்ணி ஊத்தி, எல்லாம் முடிஞ்சுபோச்சு. கதவ சாத்திக்கினு எங்கூட ஒரு தடவ அழக்கூடாதா? நா அழுதா எழுந்து வெளிய போயிடுறா. தறியில எம் பக்கத்துல உக்காந்துதான் பொடவக் கரை சேக்குற கோர்வைக்கு நாடா போடுறா. நாளெல்லாம் தோளு தோள இடிக்குது. ஒரு வார்த்த கெடையாது. கல்லு பக்கத்துல உக்காந்தாப்ல இருக்குது."

"அவங்க மனசுலயும் இருக்கும் இல்லையா?" என்றாள் வடிவாம்பாள்.

"இருந்தா எங்கிட்ட காட்டட்டும்மா. எம் புள்ளைக்கு நா ஒருத்தன் மட்டுமே அழுதுக்கினு இருக்கேன். என்னால முடியல. ஆரணில தறி குடுக்கறேன்னு ஒருத்தர் கூப்புடுறாரு. போயிட்டா திரும்பி வரமாட்டேன். எனக்கே தெரியுது."

பெண்டாட்டியை அடக்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். கூட அழுவதற்கு ஆள் வேண்டும் என்று கேட்டவன் இவன் ஒருவன்தான். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நானும் பிள்ளை பெற்றவன்.

பால் பவுடர் தருவார்கள் என்று பொய் சொல்லித்தான் தையல்நாயகியை அனுப்பி வைத்தான். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, லோகாம்பாள். முகத்தைக் கழுவி, தலையை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. என்ன பெண்பிள்ளை இவள் என்றுதான் நினைத்தேன்.

வடிவாம்பாள் அழுகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. பால் பவுடரைக் கொடுத்தாள். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். பையனுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டாள். அவ்வளவுதான். கேட்க ஆளில்லாமல் கிடந்தவள் பேச ஆரம்பித்தாள். பழைய சோறு என்றால் ஓடிவருவானாம். கணக்கு வராதாம். ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிவந்து தறிக்குழிக்குள் ஒளித்துவைத்து அப்பாவிடம் உதை வாங்கினானாம். சிரித்தாள்கூட. அடுத்த வாரமும் வந்தாள், அதற்கு அடுத்த வாரமும் வந்தாள். பால் பவுடர் தீர்ந்துபோன வாரத்திலும் வந்தாள்.

அப்படி ஒரு நாள் அவளே சொன்னாள்:

"அழமாட்றேன்னு அவரு உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. தெரியும். இங்க நிக்குதும்மா." தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "சோறு எறங்கல. இந்த லோகா மட்டும் இல்லன்னா தெருவுல விழுந்து பொரண்டிருப்பேன். நா அழுதா ஆத்தாவுக்குக் கேக்கும். இவளயும் குடுத்துட்டு நா இன்னா பண்றது? அவரு ஆம்பள, அழறாரு. ரெண்டு பேரும் அழுதா இவள யாரு காப்பாத்துறது?"

அவளைப் பற்றி அப்படி நினைத்ததற்கு என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. மிச்சம் இருக்கிற ஒரு குழந்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், பாவி.

வடிவாம்பாள் மெதுவாகக் கேட்டாள், பையனுக்கு எப்படி ஆரம்பித்தது என்று. ராத்திரி காய்ச்சல், வாந்தி. மறுநாள் காலையில் காலில் சிவப்பாகப் புள்ளிகள். தலை விண்விண் என்று வலிக்கிறது என்று கத்தினான். கழுத்தை மடக்க முடியவில்லை. புள்ளியைப் பார்த்ததும் தையல்நாயகி வேப்பிலை செருகிவிட்டாள். அதற்கு அடுத்த விடியற்காலையில் போய்விட்டான். முத்து எழும்பவே இல்லை.

வடிவாம்பாள் அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். எங்கள் நிலையத்துக்கு வாரம் ஒரு நாள் வரும் டாக்டரிடம் அதை அப்படியே ஒப்பித்தாள். அவர் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே, "அம்மையாவது? கழுத்து விறைச்சு, ஒரே நாள்ல ஆள் போயிருக்கான். மூளைக் காய்ச்சல்" என்றார்.

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தொலைந்த சாவி கிடைத்த மாதிரி என் மேஜைக்கு வந்தாள்.

"அம்மை இல்லேன்னா அவ அழலாம் இல்லையா சார்? ஆத்தாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே."

"ஆமாம்மா, தாராளமா அழலாம்" என்றேன். எனக்கும் அது பளிச்சென்று பட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டம் அழுதால் வீடு பிழைத்துக்கொள்ளும், அவனும் ஆரணிக்குப் போகமாட்டான் என்று சந்தோஷமாகவே இருந்தேன்.

இரண்டு பேரையும் சேர்த்து வரச்சொன்னாள். ஆடி மாதம். பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முனிரத்தினம் பெஞ்சின் இந்தக் கோடியில், தையல்நாயகி அந்தக் கோடியில், குழந்தை நடுவில்.

"தையல்நாயகி, டாக்டர்கிட்ட கேட்டேன். உன் பையனுக்கு வந்தது அம்மை இல்லம்மா. அது வேற காய்ச்சல். ஆத்தா வரவே இல்ல. நீ அழுதா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. லோகாவுக்கு ஒண்ணும் ஆகாது. நீ அழலாம்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அழுகை வரவில்லை.

"இன்னா காய்ச்சலு?" என்றாள் தையல்நாயகி.

"மூளைக் காய்ச்சல்."

"அதுக்கு ஊசி இருக்குதா?"

வடிவாம்பாளின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருந்தா பொழச்சிருப்பானாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் யார்தான் பொய் சொல்லவில்லை? ஆனால் வடிவாம்பாளுக்குப் பொய் வராது. அவளிடம் ஊரே போய்ப் பேசியதும் அதனால்தான்.

"சில பேர் பொழைக்கிறாங்க. எல்லாரும் இல்ல. சொல்ல முடியாதும்மா."

தையல்நாயகி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வண்டி கொணாந்தீங்க."

எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாத விஷயம். புள்ளி கண்ட அன்று காலையில் முனிரத்தினம் ஓடிப்போய் ஒரு குதிரை வண்டியைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறான். ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பை வெளியே தூக்கிக்கொண்டு போவதா என்று இவள் கையை விரித்து வாசலை மறித்து நின்றிருக்கிறாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

"இந்தம்மா சொல்றது இருக்கட்டும்" என்றாள். "நீங்க சொல்லுங்க. வந்தது ஆத்தாதான்னு சொல்லுங்க. உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க. நா இந்த ஜென்மத்துக்கும் அழமாட்டேன். உங்க பக்கத்துலயே கெடக்கறேன். ஆத்தாதான்னு சொல்லுங்க."

சொல்லித் தொலையேன்டா என்று நான் தடுப்புக்குப் பின்னால் பதறினேன். அவனும் சொல்லத்தான் நினைத்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையோடு மாதக்கணக்கில் உள்ளே கிடந்ததும் சேர்ந்து வந்துவிட்டது.

"நா அன்னிக்கே சொன்னேனே, தையலு."

திட்டவில்லை. கோபம்கூட இல்லை. பரிதாபமாக, அவளையே ஆறுதலுக்குக் கூப்பிடுவது போலத்தான் சொன்னான். அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். எழுந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அப்படியே பக்கத்து ஊரான கூரத்துக்குப் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வண்டியைத் திருப்பி அனுப்பியது இவன்தானே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்பிள்ளை கையை விரித்தால் விலக்கிவிட்டுப் போக முடியாதா? அவனுக்கும் ஆத்தாவிடம் பயம்தான். பயந்தது இரண்டு பேரும். பழி மட்டும் அவள் இடுப்பில் ஏறிக் கூரத்துக்குப் போனது. அவனிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வடிவாம்பாள் கூரத்துக்குப் போய்ப் பார்த்தாள். தையல்நாயகியின் அம்மா மரியாதையாகத் தண்ணீர் கொடுத்து, "தூங்குதும்மா, எழுப்ப வாணாம்" என்று அனுப்பிவிட்டாள். மறுபடி போனாள், மறுபடியும் தூங்குகிறாள் என்றுதான் பதில் வந்தது. மூன்றாவது தடவை கதவே திறக்கவில்லை.

"நான் பொய் சொல்லியிருக்கணுமா சார்?" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். டிபன் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். இன்றுவரைக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள், அவளும் பேசினாள். ஆனால் யாராவது செத்த கதையை எடுத்தால் அவள் கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். யோசித்து யோசித்து ஒரு வார்த்தை சொல்வாள். அதையும் பாதியில் விட்டுவிடுவாள். வந்தவர்களுக்கும் அது தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆள் வரத்து குறைந்தது.

புரட்டாசியில் முனிரத்தினம் வந்தான். ஆரணிக்குப் போகவில்லையாம். தறியிலும் உட்காரவில்லையாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வடிவாம்பாள் எழுந்தே நின்றுவிட்டாள். திட்டப்போகிறான் என்று நினைத்தாள் போலிருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"அழுவுறாம்மா" என்றான். "நல்லா அழுவுறா. ஏகா, ஏகான்னு பேர் சொல்லி அழுவுறா. தெரு முனைக்கே கேக்குது."

"நீங்க கூரத்துக்குப் போனீங்களா?"

"வாராவாரம் போறேம்மா."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"மொதல்ல போனேன். நா உள்ள போனா நிறுத்திடுறா. மூஞ்சிய தொடச்சிக்கினு, சாப்டீங்களான்னு கேக்கறா. அப்புறம் நா கெளம்பற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டா." தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான். "அதனால இப்பல்லாம் உள்ள போறதில்லம்மா. சொவத்துக்கு இந்தப் பக்கமா உக்காந்துக்கறேன். அவ அழ ஆரம்பிச்சா நானும் கூடவே அழுதுட்டு, அவளுக்குத் தெரியாம எழுந்து வந்துடறேன்."