மூடாதவர் பேசிய நியாயம்

குழந்தை பிறந்ததும் விட்ட கணினி வேலையை மறுபடி பிடிக்க அவளுக்கு இந்தத் தேர்வு ஒன்றுதான் வழி. வீட்டிலிருந்தே எழுதலாம். தேறினால் நேர்காணல், தேறாவிட்டால் போயே போச்சு. கணக்கும் ஒன்றும் பூதமில்லை. ஒரு வரியில் அடைப்புக்குறிகளைச் சரியாகத் திறந்து மூடியிருக்கிறார்களா என்று அவள் எழுதும் நிரல் சொல்ல வேண்டும். திறக்கும் குறி வந்தால் ஓர் அடுக்கின் மேலே போடு. மூடும் குறி வந்தால் மேலே கிடப்பதை எடுத்து ஜோடி சேருகிறதா என்று பார். கல்லூரியில் தூக்கத்திலேயே எழுதியது.

இப்போதோ நிரலைச் சரிபார்க்கும் சோதனைகளில் ஒன்றே ஒன்று மட்டும் தேறாமல் சிவப்பாகவே நின்று உயிரை வாங்கியது. திரும்பத் திரும்பப் படித்தும் பிழை கண்ணில் படவில்லை. எல்லாம் மறந்தே போய்விட்டதோ? தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் போனவளின் நெற்றி, திறந்து கிடந்த அலமாரிக் கதவில் போய் இடித்தது.

உபயம், அவள் கணவர். பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பவர். வீட்டில் திறந்த எதையும் மூடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. குழந்தையின் பால்புட்டியைத் தேடுகிறேன் என்று அத்தனை கதவுகளையும் இழுப்பறைகளையும் ஆவென்று திறந்து போட்டிருந்தார். அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணையாவது ஒழுங்கா மூடியிருக்கீங்களா?"

அவர் அசரவில்லை. "எதையாவது தப்பா மூடியிருக்கேனா? அதைச் சொல்லு முதல்ல."

மேலே திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய நிரலும் இதே நியாயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தது. மூடுகிறவனை நிறுத்தி ஜோடி கேட்டது. மூடவே மூடாதவனை ஒரு வார்த்தை கேட்காமல் 'சரி' என்று அனுப்பிவைத்தது. கடைசியில் மூடாத குறி எதுவும் மிஞ்சாமல் அடுக்கு காலியாகிவிட்டதா என்று பார்க்க அவள் மறந்திருந்தாள். ஓடிப்போய் அந்த ஒரு வரியைச் சேர்த்தாள். எல்லாம் பச்சை. அனுப்பிவிட்டு உட்கார்ந்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பதறிப்போய் வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்தவர் பெருமையிலும் பங்கு கேட்கிற மனுஷன், சொந்தப் பெருமையை விடுவாரா?

"நீங்க சொல்லலைன்னா எனக்கு வந்தேயிருக்காது" என்றாள் அவள். "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு."

காலரை விட்டுவிட்டு, புடைத்திருந்த அவள் நெற்றியை அவர் மெல்லத் தேய்த்துவிட்டார்.

"நான் சொன்னதை நானும்தான் கேட்டேன். எனக்கு ஒண்ணும் தோணலையே."