காற்றில்லாமல் ஓடிய டயர்

என் மகளை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, "எங்க குடும்பத்துக்குச் சரிப்படல" என்ற ஒரே பேச்சில் உறவை முடித்துக்கொண்டு போன அவள் மாமனார், நான்கு ஆண்டுகள் கழித்து எங்கள் டயர் கடைக்குத் தானாகவே வந்து சேர்ந்தார். காரணம் கேட்கப் போன என்னை, அன்று தன் வீட்டு வாசற்படியில் நிற்க வைத்தே பேசி அனுப்பிய மனிதர். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற குடும்பமும் எங்களுடையதல்ல.

காரின் பின்சக்கரத்தில் ரப்பர் கருகும் நாற்றம். இறங்கியவர் என்னைப் பார்த்ததும் பேயறைந்தவர் போலானார்.

"சம்பந்தி... நீங்க இங்க?"

"அந்த முறை அத்துப் போய் நாளாச்சு. சாருன்னே கூப்பிடுங்க. உக்காருங்க." நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன்.

மகள் கையுறையோடு வந்தாள். கடை அவளுடையது. குந்தி உட்கார்ந்து டயரின் பக்கவாட்டைத் தொட்டவள், சூடு தாங்காமல் கையை எடுத்தாள்.

"மஞ்ச விளக்கு எப்ப எரிஞ்சுது?"

"கிளம்பின கொஞ்ச நேரத்துலயே. பஞ்சர் ஆனாலும் ஓடுற டயராச்சேன்னு..."

"ஓடும். எண்பது வேகத்துக்குள்ள, கொஞ்ச தூரம். நீங்க எவ்வளவுல வந்தீங்க?"

அவர் என்றைக்கு அளவோடு போனார்?

ரன்-பிளாட் டயரின் குணம் இது. காற்று முழுவதும் போனாலும் வண்டி சாயாது. காற்று சுமந்த பாரத்தைத் தடித்த பக்கச்சுவர் சுமக்கும். ஓட்டுகிறவருக்கு காற்றுக் குறைவைக் காட்டும் அந்த மஞ்சள் விளக்கைத் தவிர வேறு அடையாளம் தெரியாது. வேகம் கூடினால் சுவர் சூடேறி, உள்ளுக்குள் அரைபட்டுத் தூளாகும். வெளியே பார்த்தால் முழு டயர். அதை நம்பித்தான் அந்தக் காரில் ஸ்டெப்னியும் வைக்கவில்லை.

"புது டயர் நகரத்துலேருந்து வரணும். சாயங்காலம் ஆகும்," என்றாள்.

அப்போது அவர் கைபேசி ஒலித்தது. "பையன் சம்பந்தம் பேசத்தான் வந்துட்டிருக்கேன். சின்ன பஞ்சர், பைபாஸ் டயர் கடைல நிக்கிறேன். ஐயோ, நீங்க எதுக்கு வரணும்? வேண்டாங்க, நானே..." அதற்குள் மறுமுனை துண்டித்துவிட்டது.

அவர் பதறி எழுந்தார். "சும்மா காத்த மட்டும் அடிச்சு விடுங்க. பொண்ணோட அப்பா வர்றதுக்குள்ள நான் கிளம்பிடறேன்."

எதற்கு இந்தப் பதற்றம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. பெண் வீட்டாரிடம் மகனின் முதல் கல்யாணத்தை மறைத்திருக்கிறார்.

காற்றுக் குழாய் என் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அடித்தால் டயர் கல்போல் நிற்கும். நெடுஞ்சாலையில் வெடிக்கும். அவரே கேட்கிறார், நான் கொடுக்கிறேன். யார் என்னைக் குறை சொல்ல முடியும்? கை குழாய் வரை போனது. ஆனால் செத்தவனுக்கு வெட்கம் கிடையாது. எனக்கு அவர் உயிரோடு வேண்டும்.

"காத்தில்லாம ஓடின டயருக்கு எங்க கடையில காத்து அடிக்கிறதில்ல," என்றேன்.

மகள் சக்கரத்தைக் கழற்றி, ரிம்மிலிருந்து டயரைப் பிரித்தாள். உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. அதை அவர் காலடியிலேயே கொட்டவிட்டாள்.

பெண்ணின் தகப்பனார் வந்துவிட்டார். நல்ல மனிதராகத் தெரிந்தார். தூளைப் பார்த்து, "நல்ல வேளை, இவங்க பாத்தாங்க," என்றார். பிறகு என்னிடம், "ரொம்ப நாள் பழக்கமா?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் மகள் நிமிர்ந்தாள்.

"இவங்க வீட்டுல ரெண்டு வருஷம் மருமகளா இருந்தேன்."

"எந்தப் பையனுக்கு?"

"இவருக்கு ஒரே பையன்தான்."

வந்தவர் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். "முதல் கல்யாணம்னுதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெண்ணின் தகப்பனார் தன் காரை நோக்கி நடந்தார். "சொல்றதக் கேளுங்க" என்று பின்னாலேயே போனவரை உட்காரச் சொல்ல அங்கே ஆளில்லை. நின்றபடியே பேசினார். கார் போய்விட்டது.

அந்தி சாயும் வேளையில் புது டயர் வந்தது. மகள் அதை மாட்டி, திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

"இனிமே எவ்வளவு வேகமா வேணாலும் போகலாம், மாமா. என்ன, இப்ப அவசரம்தான் இல்ல."