மூன்று தட்டு

1.

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னிடம் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் கீழ்வீட்டு ஜலீலா. "என் தம்பிக்குப் பைத்தியம் புடிச்சிருக்குன்னு எழுது," என்றாள். ஒரு வாரம் போயிருக்கும், தம்பி மொன்சிஃப் மாடியேறி வந்தான். "எனக்குப் பைத்தியம் இல்லன்னு எழுதுங்க." இருவருக்கும் காபி போட்டுக் கொடுத்துச் சரி என்றேன். ஒரே கதைக்குள் இரண்டையும் வைத்துவிடலாம் என்று அப்போது நினைத்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: உம்மாவை அடக்கம் செய்த மறுநாள், அவள் அறைச் சுவரிலிருந்து

[நிறுத்திவிட்டேன். பேய்க்கதை இப்படித்தான் தொடங்கும். ஜலீலா படித்தால் சிரிப்பாள். மொன்சிஃப் சிரிக்க மாட்டான், அது இன்னும் மோசம்.]

2.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அவர்களுடைய உம்மா தூஜா பக்கவாதத்தில் விழுந்து, பேச்சுப் போய், பல வருஷம் படுக்கையில் இருந்தாள். வேண்டியதை மோதிர விரலால் சுவரில் தட்டிக் கேட்பாள். இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் புரட்டிப் படுக்க வை. ஜலீலா மருந்துக்கடை வேலைக்குப் போகும் காலை நேரத்தில் மட்டும் நான் பார்த்துக்கொள்வேன். மற்ற நேரமெல்லாம் அவள்தான். மொன்சிஃப் பிரான்ஸில், மார்செய்யில் இருந்தான். போன் பண்ணுவான்.

உம்மா போனதும் ஜலீலா மெத்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள், கட்டிலையும். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஜன்னல்களைத் திறந்து போட்டாள். பிறகு தூங்கினாள், அப்படியொரு தூக்கம். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மொன்சிஃபோ சவரம் செய்யவில்லை. கப்பல் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டான். அந்த வெற்று அறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

3.

துனீசியாவில் எங்கள் ஊரான ஸ்பாக்ஸில், ஆகஸ்ட் மாதத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் பூனைகூட நடக்காது. அப்படி ஒரு மதியம், நாங்கள் முற்றத்தில் இருந்தபோது, மொன்சிஃப் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான்.

"எங்கடா போற?" என்றாள் ஜலீலா.

"கூப்பிட்டாங்க."

"யாரு?"

அவன் நிற்கவில்லை. வெளியே வந்தபோது டம்ளர் காலி.

"நீயே குடிச்சிருப்ப," என்றாள். "உசுரோட இருந்தப்ப ஒரு டம்ளர் தண்ணி குடுத்திருப்பியா நீ? இப்ப வந்துட்டான், ஊத்திக் குடுக்க."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "மொத நாள், அதான் அடக்கத்துக்கு மறுநாள், செவுத்துல தட்டுனது நான்தான்டி," என்றாள். "சும்மா. எந்திரிக்கிறானான்னு பாக்கணும்னு தோணுச்சு. எத்தன வருஷம் நான் ஓடியிருக்கேன்! எந்திரிச்சு ஓடுனான். எனக்கு வயிறு குளுந்துபோச்சு. ஆனா அதுக்கப்புறம் நான் தட்டவே இல்ல. அல்லா மேல சத்தியம்."

[மொன்சிஃபை நான் நம்பவில்லை என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீளமான பத்தி. எடுத்துவிட்டேன், ஏனென்றால் அடுத்து நடந்ததற்குப் பிறகு நான் எதை நம்பினேன் என்பது எனக்கே தெரியவில்லை.]

4.

மறுநாள் அவன் தண்ணீர் இல்லாமல் போனான். வெகுநேரம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது.

"இன்னிக்குத் தண்ணி வேணாமாமா?" ஜலீலா கிண்டலாகத்தான் கேட்டாள்.

"இல்ல. மூணு தட்டு. பெரட்டிப் படுக்க வெச்சேன்."

அவள் கையிலிருந்த பாதாம் கொட்டைகள் மடியில் விழுந்தன.

"எத வெச்சே? கட்டிலே இல்லையேடா அங்க!"

"தெரியலக்கா. கைல கனம் இருந்துச்சு."

முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவள் சிரிக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். ஜலீலா எழுந்து அவன் எதிரே போய் நின்றாள்.

"எந்தப் பக்கம் பெரட்டுன?"

"எடது பக்கம்."

"அறிவிருக்காடா உனக்கு?" அவள் குரல் உடைந்தது. "அந்தப் பக்கம் புண்ணு. அந்தப் பக்கம் படுக்க வைக்கவே கூடாது. எவ்ளோ வலிக்கும் அவங்களுக்கு!"

அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். நான் வாசற்படியில் நின்றேன். தரையில் கட்டில் கால்களின் தடம் மட்டும் இருந்தது. அந்தத் தடத்தின் இரு பக்கமும் நின்று இருவரும் குனிந்தார்கள். "தோளுக்கு அடில கை குடு. இடுப்ப நான் புடிக்கிறேன். மெதுவா... மெதுவாடா," என்றாள். ஒன்றுமில்லாததைத் தூக்கினார்கள். இருவர் கழுத்திலும் நரம்பு புடைத்தது. புரட்டி வைத்தார்கள். ஜலீலா விலகிய துணியை இழுத்து மூடுவதுபோலக் கையால் காற்றை நீவினாள். அப்போதுதான் அவள் அழுதாள். அடக்கத்தன்றுகூட அழாதவள்.

5.

முடிவு ஜலீலாவிடம் ஒன்று இருக்கிறது: "அவன் பாவம்னுதான் அப்படிச் செஞ்சேன். அங்க ஒண்ணும் இல்ல. அப்படியே எழுது."

மொன்சிஃபிடம் இன்னொன்று: "எனக்கு எதுவும் கேக்கல. மொத நாள் தட்டுனது அக்காதான்னு அப்பவே தெரியும். யாராவது எந்திரிச்சுப் போகணும்னு அக்காவுக்கு இருந்துச்சு. அதான் போனேன், தெனமும் போனேன்."

"மூணு தட்டுக்கு அர்த்தம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"போன்ல கேட்டிருக்கேன். மூணு தட்டுக் கேட்டா, 'பெரட்டணும், வெச்சிடுறேன்'னு அக்கா போன வெச்சிடுவாங்க."

"கனம்?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "அத எழுத வேணாமே," என்றான்.

இரண்டில் எதை வைத்தும் கதையை முடித்திருப்பேன். ஆனால் நேற்று இருவரும் சேர்ந்து வந்தார்கள். வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். கிளம்பும்போது ஜலீலா திரும்பி, "அன்னிக்கு வாசப்படில நின்னியே. நாங்க பெரட்டி வெச்சப்புறம் உனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றாள். மொன்சிஃபும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்டது என்று எழுதினால் ஜலீலா அந்த அறையைவிட்டு இனி வெளியே வரமாட்டாள். கேட்கவில்லை என்று எழுதினால் மொன்சிஃப் கப்பலேறிவிடுவான், அந்தக் கனத்தோடு, தனியாக. அதனால் கடைசி வரியை இரண்டாகவும் எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கும் நீங்கள் யாராவது ஒருவருக்காக எழுந்து ஓடியவரா, ஓடாதவரா என்று எனக்குத் தெரியாது. ஒன்றை அடித்துவிட்டு அவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

எனக்குக் கேட்டது.

எனக்கு எதுவும் கேட்கவில்லை.