பூங்குழலியின் பேரில் போன மெயில்

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பூங்குழலி மிளகு பறிக்க ஏணியில் நின்றிருந்தபோது காரைக்குடியிலிருந்து போன் வந்தது. பேசியவர் பாத்திமா பீவி. கொல்லிமலை அரியூர் நாட்டு விவசாயிகள் குழுவிடம் நாலு மாதமாகத் தினையும் சாமையும் வாங்குகிறவர். மெயில் போட்டால் தவறாமல் பதில் எழுதுகிறவர்.

"ஏம்மா, நீ எப்போ நிலம் விக்க ஆரம்பிச்சே?"

"நிலமுங்களா? எனக்கு ஒண்ணும் புரியலீங்கம்மா."

"கொல்லிமலையில பிளாட், முதல்ல வர்றவங்களுக்குத் தள்ளுபடின்னு மெயில் வந்திருக்கே. சனிக்கிழமை ஒண்ணு, நேத்து ஒண்ணு. கீழே 'அன்புடன், பூங்குழலி, அரியூர் நாடு'ன்னு இருக்கு. நீ எழுதினதாச்சேன்னுதான் திறந்து பாத்தேன்."

பூங்குழலி ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பில் கட்டியிருந்த மிளகுப் பையை அவிழ்க்காமலே குழுவின் அறைக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தாள்.

சனிக்கிழமை பதினெட்டாயிரம் மெயில். ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டாயிரம். எல்லாம் குழுவின் சொந்த இணையப் பெயரான டொமைனிலிருந்து, தெரிந்தவர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்குமாகப் போயிருந்தன. அப்படி ஒரு முகவரியே இல்லையென்று திரும்பி வந்தவை மட்டும் ஏழாயிரத்துக்கு மேல். 'ஸ்பாம்', அதாவது குப்பை மெயில், என்று ஆட்கள் அமுக்கிய கணக்கைக் காட்டும் கோடு, நாலு மாதமாகத் தரையோடு கிடந்தது, இரண்டே நாளில் செங்குத்தாக ஏறியிருந்தது.

பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி ராதிகா.

ராதிகா மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரி. நாமக்கல் கல்லூரியில் மூன்று வருஷம் இருவரும் ஒரே பெஞ்ச். குழுவின் பொருட்களை நேராக வீடுகளுக்கு விற்கலாம் என்று பூங்குழலி சொன்னபோது, குழுவில் பாதிப்பேர் சிரித்தார்கள். ராதிகாதான் கூட நின்றாள். முதலில் இலவச முகவரியிலிருந்து அனுப்பிப் பார்த்தார்கள். நானூறு பேருக்குப் போனதில் முக்கால்வாசி ஸ்பாமில் விழுந்தது. ஐப்பசியில் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கினார்கள்.

"புது டொமைனை யாரும் நம்ப மாட்டாங்க புள்ள," என்று ராதிகா அன்றைக்குச் சொன்னாள். "எடுத்த எடுப்புல ஆயிரம் பேருக்கு அனுப்பினா திருட்டு மெயில்னு தூக்கிப் போட்டுருவாங்க. நம்மளைத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் கொஞ்சங் கொஞ்சமா அனுப்பணும். அவங்க திறக்கணும், பதில் போடணும். அப்பத்தான் மெயில் கம்பெனிக்காரன் நம்மளை நல்லவங்கன்னு எழுதி வெப்பான்."

அப்படியே செய்தார்கள். முதல் நாள் இருபது பேர். மலைக்கு வந்தபோது குழுவின் கடையில் வாங்கி, தாங்களாகவே நோட்டில் முகவரி எழுதிவிட்டுப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி, சாமையை எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டுப் பூங்குழலி எழுதினாள். பதில் வந்தது. அடுத்த வாரம் நாற்பது, அப்புறம் எண்பது. மூன்று தடவை திறக்காதவர்களின் பேரை எடுத்துவிட்டாள். வேண்டாம் என்றவர்களை அன்றைக்கே நீக்கினாள். தை முடியும்போது ஆயிரத்து நூறு பேர் அவள் எழுதுவதை விரும்பிப் படித்தார்கள். வருகிற வியாழக்கிழமை புது மிளகு அறிவிப்பு. அதை நம்பித்தான் அறுபது குடும்பங்கள் இந்த வருஷம் வியாபாரியிடம் முன்கூட்டியே விலை பேசாமல் மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தன.

தையில் ராதிகாவுக்கு பிளாட் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. பூங்குழலி கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனாள். பாஸ்வேர்டை மாற்றவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது முதல் வேலையாக அதை மாற்றினாள். பிறகு பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். எழுபது வளைவும் இறங்கி முடிக்கிறவரை, வேறு யாராவது திருடியிருக்கவேண்டும் என்று மனசு கெஞ்சிக்கொண்டே வந்தது.

காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாப்பை ஒட்டித்தான் அப்துல் அலீமின் மளிகைக் கடை. குழுவின் பார்சலெல்லாம் அவர் கடையிலிருந்துதான் கூரியருக்குப் போகும். அவர் முகவரிக்கு ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டு, "வந்துச்சுங்களா பாய்?" என்றாள்.

அவர் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "காணமேம்மா... இரு, இரு. ஸ்பாம்ல கெடக்குது. சிவப்பா ஏதோ எச்சரிக்கை வேற போட்டிருக்கான். ஏம்மா, என்னாச்சு?"

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தாள்.

ஞாயிறெல்லாம் ஆட்களுக்கு இடம் காட்டுகிற கம்பெனி. அதனால் திங்கட்கிழமை ராதிகாவுக்கு லீவு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், தோழியின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டை அப்படியே வாளிக்குள் விட்டாள். அதிலேயே பூங்குழலிக்குத் தெரிந்துபோயிற்று.

"நீதானா புள்ள?"

ராதிகா உள்ளே அம்மா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள். "கம்பெனி மெயிலெல்லாம் ஸ்பாம்லயே விழுதுன்னு மேனேஜர் தினமும் திட்டினாரு. எங்கிட்ட நல்ல பேரு எடுத்த டொமைன் ஒண்ணு இருக்குன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் விடலை. வேலையை நிரந்தரம் பண்ணணும்னா இதைச் செய்யுன்னாரு. ரெண்டு நாள்தானே, ஒண்ணும் ஆகாதுன்னு..."

"ஒண்ணும் ஆகாதா? ஒரே ஒருத்தர் ஸ்பாம்னு அமுக்கினாலும் பேரு கெட்டுரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவளே நீதான்."

ராதிகா வாளியிலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தாள்.

"சரி, அனுப்பினே. எதுக்கு என் பேரைப் போட்டே? உன் பேரைப் போட்டிருக்கலாமில்ல?"

"என் பேரைப் போட்டா யாரு திறப்பாங்க?" என்றாள் ராதிகா. சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது போலிருந்தது. கையைப் பிடிக்க வந்தாள். பூங்குழலி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"என்னைத் திருடி வித்திருக்கே நீ," என்றாள். அழக்கூடாது என்று மலையிலிருந்தே வைராக்கியமாக வந்திருந்தாள். தெருமுனை தாண்டியதும் அது உடைந்துவிட்டது.

வியாழக்கிழமை அறிவிப்பு போனது. ஆயிரத்து நூறு பேரில் திறந்தவர்கள் முப்பத்தைந்து பேர்; ஆர்டர் ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று பாத்திமா பீவியுடையது. மீதி மிளகு வழக்கம்போல வியாபாரியின் லாரியில், அவன் சொன்ன விலைக்கே ஏறியது. குழுக் கூட்டத்தில் அவள் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள்.

தலைவர் அப்பாசாமி கேட்டார்: "சாவியை எதுக்கு கண்ணு அந்தப் புள்ள கையில குடுத்தே?"

"நம்பிக் குடுத்தேனுங்க."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கடைசி வரிசையிலிருந்து கண்ணாயி மட்டும், "அடுத்த வருசம் பாத்துக்கலாம், எந்திரி சாமி," என்றாள்.

ஒன்றரை மாதம் அவள் ஒரு மெயிலும் அனுப்பவில்லை. பிறகு, எப்போதும் பதில் போடுகிறவர்களாகப் பார்த்து, நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டாள். அதுவும் அவர்கள் கண்ணில் படுமோ படாதோ என்று ஒவ்வொருவருக்கும் போனும் செய்தாள். சிலர் ஸ்பாமில் தேடி எடுத்துப் படித்தார்கள். சிலர் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்கவே இல்லை. ஆடி பிறக்கும்போது ஸ்பாம் கணக்கின் அந்தக் கோடு மெல்லக் கீழே இறங்கியது. மெயில்கள் பாதிக்குப் பாதி சரியான இடத்தில் விழுந்தன.

ஆவணியில் ராதிகாவின் அம்மா பஸ் ஏறி வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தாள். "வேலை நிரந்தரமாயிருச்சு, மாப்பிள்ளையும் அமைஞ்சிருச்சு. நீதான் கண்ணு முன்னாடியே வந்து நிக்கோணும். ஏன் ரெண்டு பேரும் பேசறதில்ல? கேட்டா அவ வாயே தெறக்க மாட்டேங்குறா."

"ஒண்ணுமில்லீங்கம்மா. வேலை சாஸ்தி," என்றாள் பூங்குழலி. காபி போட்டுக்கொடுத்தாள். பஸ் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டாள்.

கல்யாணத்தன்றைக்கு அவள் போகவில்லை. ஆனால் முந்தின நாள் தலைக்குக் குளித்திருந்தாள். புடவை ஒன்றை எடுத்துக் கட்டிலில் போட்டும் வைத்திருந்தாள். ராதிகா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொன்னால் முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிடுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகூர்த்த நேரம் தாண்டும்வரை போன் மடியிலேயே கிடந்தது. பிறகு புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மழை வருமுன் களை எடுக்கக் காட்டுக்குப் போனாள்.