லிஃப்டுக்கு எத்தனை பேட்டரி

கரண்ட் போனவுடன் எங்கள் வீட்டில் முதலில் கேட்பது அண்ணனின் குரல்தான். "பாப்பா, மேலயா, கீழயா?" என்று கத்துவான். பாப்பாவுக்கு வயது முப்பத்து நான்கு. பெரும்பாலும் மேலே என்பேன், சில நாள் கீழே என்பேன். போன மாதம் ஒரு நாள் "நடுவுல" என்று சொல்ல வேண்டி வந்தது.

நடுவில் என்றால் லிஃப்டுக்குள். நாற்பது நிமிடம். பீரோவை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி அது. என் சக்கர நாற்காலி உள்ளே போய்விட்டால் முழங்கையை மடக்க இடம் இருக்காது. கீழே முன்னறையில் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குத் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்த போனுக்காக ஒருவர் வந்து, ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது எனக்கு உள்ளிருந்தே கேட்டது. மறுநாள் போனை வாங்கிக்கொள்ளும்போது, கடை திறக்க ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

விபத்துக்குப் பிறகு இந்தப் பதினோரு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில் இது. சின்ன ஸ்க்ரூடிரைவர், பூதக்கண்ணாடி, கை நடுங்காமல் இருந்தால் போதும், கால் தேவையில்லை. ஆனால் கடை கீழே இருக்கிறது, நான் மாடியில் இருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் கரண்ட் இருக்கிறது. எங்கள் பக்கம் அது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போகும், வரும் நேரத்தை யாரிடமும் சொல்லாது. முன்பெல்லாம் அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவான். ஒரு நாள் பாதிப் படியில் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். அதோடு தூக்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் நேரத்துக்கு நானே இறங்க வேண்டும், யாரையும் கூப்பிடாமல். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அண்ணனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். டைல்ஸ் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்று, அவன் கட்டிய வீடு இது. குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. என் நாற்காலிக்காக எல்லாக் கதவையும் ஒரே அகலத்தில் போடச் சொன்னான். எந்த வாசலிலும் நிலைப்படி இல்லை. எனக்கு மாடியில் நல்ல காற்றும் வெளிச்சமும் வரும் அறை கொடுத்தான், அந்த அறைக்காக லிஃப்டும் வைத்தான். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு ஹாலைக் காட்டுவதற்கு முன் லிஃப்டைத்தான் காட்டுவான். "என் தங்கச்சிக்காக வச்சது" என்று சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இளகும்.

யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதையும் அதில் உண்டு. கரண்ட் போனால் லிஃப்ட் தானாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கி நிற்கும் வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். அது எதற்கு, வெட்டி வேலை என்று சொன்னவர் அண்ணியின் தம்பி. அவருக்கு நான் வைத்த பெயர் யூடியூப். எதைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு வீடியோ இருக்கு" என்பார். அறுக்கத் தெரியாதவன் கையில் ஆயிரத்தெட்டு அரிவாள் என்பார்களே, அந்த வகை.

நான் நடுவில் மாட்டிக்கொண்ட அன்றே சோலார் போடுவது என்று அண்ணன் முடிவு செய்தான். பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாநாடு நடந்தது. பேனல் எத்தனை என்பதில் அண்ணனும் யூடியூப்பும் கட்டிப் புரளாத குறை. தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி பேனல் வீட்டின் முன்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும் என்றான் அண்ணன். முன்பக்கம் வடக்கு. வெயில் வருவது தெற்கிலிருந்து. இதை நான் சொன்னபோது, "கொஞ்சம் குறைச்சலா வந்தாலும் பார்க்க லட்சணமா இருக்கும்ல" என்றான். அண்ணிக்குக் கவலை துணி காயப்போடும் கொடிக்கயிறு. கயிற்றைத் தொட்டால் கதை வேறு மாதிரி போகும் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே அறிவித்துவிட்டார்.

உப்புக்குச் சப்பாணியாக என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். இந்தச் சொல்லை நான் சொல்லலாம், மற்றவர்கள் சொன்னால்தான் கோபம் வரும். என் அறைக் கதவைத் திறந்தால் மொட்டைமாடி. அங்கேதான் பேனல் வரப்போகிறது. ஐந்து மாதமாகக் கரண்ட் போகும் போதெல்லாம் அங்கே உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான். மேற்கே படிக்கூண்டு, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. இரண்டரை மணிக்கு அந்த நிழல் கொடிக்கயிற்றைத் தொடும், நாலு மணிக்குப் பாதி மாடியை மூடிவிடும். இதையும் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பேனலைத் தாங்கும் கம்பிச் சட்டத்துக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்று பேசப் போய்விட்டார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சோலார்காரர் வந்தார். வெயிலில் கறுத்த, அளந்து பேசுகிற ஆள். அளவு நாடா, திசைகாட்டி, காதில் சொருகிய பென்சில், கையில் அட்டை வைத்த படிவம். மாடியை நாலு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, சாயங்கால நிழல் எதுவரை வரும் என்று பொதுவாகக் கேட்டார். மூன்று பேரும் முழித்தார்கள். நான் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன். ஒன்று இரண்டரை மணிக்கு, ஒன்று நாலு மணிக்கு. அவர் இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டார். பேனல் எல்லாம் கிழக்குப் பாதியில், தெற்குப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் என்றார். அண்ணன் முகம் சுண்டிப் போனது. கொடிக்கயிறு தப்பித்தது.

பிறகு வீட்டில் ஓடுகிற சாமான் பட்டியலைக் கேட்டார். அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார், இரண்டு ஏசி. யூடியூப் ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ் சொன்னார், சோலார்காரர் ஒவ்வொன்றையும் திருத்தி எழுதினார். எல்லாம் முடிந்து படிவத்தை நீட்டினார். அண்ணன் பேனாவைத் திறந்தான்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. போர்டு, சர்க்யூட் என்று பிழைக்கிறவள் நான். படிவத்தில் எங்கேயும் பேட்டரி என்ற சொல்லே கண்ணில் படவில்லை.

"கரண்ட் போனா லிஃப்ட் ஓடுமா?" என்று கேட்டேன்.

சோலார்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "ஓடாதுங்க. சார் கேட்டது லைனோட சேர்ந்து ஓடுற சிஸ்டம். லைன்ல கரண்ட் நின்னா இதுவும் தானா நின்னுடும். இல்லேன்னா கம்பத்துல ஏறி வேலை செய்யறவருக்கு நம்ம கரண்ட் அடிச்சுடும்."

"வெயில் கொளுத்திக்கிட்டு இருந்தாலுமா?"

"கொளுத்தினாலும்தான்."

மூன்று வாரம். பெயிண்டின் நிறம் முதல் கொடிக்கயிறு வரை பேசினார்கள். எதற்காகச் சோலார் என்பதை மட்டும் யாரும் அந்த மனிதரிடம் சொல்லவில்லை. யூடியூப்பைப் பார்த்தேன். அவர் அவசரமாகப் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதுகூட நான் ரிப்பேர் செய்து கொடுத்த போன்.

கரண்ட் இல்லாதபோது ஓட வேண்டுமானால் பேட்டரி வேண்டும் என்று சோலார்காரர் விளக்கினார். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சின்ன இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும்தான் தாங்கும். லிஃப்ட் கிளம்பும் நேரத்தில் இழுக்கிற இழுப்பே வேறு. அதற்குத் தனிப் பெரிய இன்வெர்ட்டர், பேட்டரி வரிசை, வைக்க ஒரு காற்றோட்டமான இடம். எழுதிக்கொண்டே, லிஃப்டை யார் யார் பயன்படுத்துகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார்.

நான் மட்டும்தான் என்றேன். நாலு தடவை. காலையில் கடைக்கு இறங்க, மதியம் பாத்ரூமுக்கு ஏற, மறுபடி இறங்க, ராத்திரி ஏற.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்க சார். இவங்க ரூம் கீழயே இருந்தா, இது எதுவுமே வேண்டாமே?"

கீழே ஒரு அறை இருக்கிறது. என் கடைக்கு அடுத்த அறை, நடுவில் ஒரு சுவர்தான். அது விருந்தாளி அறை. அண்ணியின் அக்கா வருடத்துக்கு இரண்டு தடவை வந்து மூன்று மூன்று நாள் தங்குவார், இந்தப் புது வீட்டுக்கு இன்னும் வரவில்லை. அவருக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. அதனால் அறை கீழே. அதன் பாத்ரூமில் அவர் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட உண்டு. வருடத்தில் ஆறு நாள் போக மற்ற நாளெல்லாம் அது சாத்தியே கிடக்கும். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போகிறேன். கேட்டிருக்கலாமே என்பீர்கள். அண்ணன் வீட்டில் அண்ணன் கொடுத்த அறையில் இருந்துகொண்டு வேறு அறை வேண்டும் என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நானும் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டிவிட்டேன்.

அண்ணி கொடிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான் பேசினான்.

"மேலதான் காத்து நல்லா வரும். அவளுக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்ச ரூம் அது. பேட்டரி எத்தனை வேணும்னாலும் போடுங்க. அடுக்கறதுக்கு இடம் இல்லேன்னா கீழ அந்த விருந்தாளி ரூம்லயே ஒரு ஓரமா வச்சுக்கலாம்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய் அடுத்தவன் மூக்கைத் தொடுகிறவனை அன்றுதான் பார்த்தேன். பேட்டரிக்கு அந்த அறையில் இடம் உண்டு. எனக்கு இல்லை.

"எனக்குக் காத்து வேண்டாண்ணா," என்றேன். "வாசல்தான் வேணும்."

அவனுக்கு அது காதில் ஏறியதா என்று தெரியவில்லை. பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி என்று சோலார்காரரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டான். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என் அறைக்குள் போனேன். தலையணை, போர்வை, மாத்திரைப் பெட்டி மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறினேன். கீழே போக இருபது செகண்ட். அந்த இருபது செகண்டும் கரண்ட் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். இருந்தது.

விருந்தாளி அறைக் கதவு தள்ளியவுடன் திறந்தது. என் நாற்காலி இரண்டு பக்கமும் உரசாமல் உள்ளே போனது. அண்ணன் போட்ட அகலம். ஜன்னலைத் திறந்தேன், காற்றும் வரத்தான் செய்தது. கட்டில் மெத்தையில் கடையில் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. தலையணையைக் கீழே வைத்துவிட்டு அந்த உறையைப் பிடித்து இழுத்தேன். இந்தப் பக்கம் கிழிந்து வந்தது. அந்தப் பக்கம் சுவரோரம் மாட்டிக்கொண்டது, எனக்கு எட்டவில்லை. கோபத்தில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தேன்.

சத்தம் கேட்டோ, என்னைக் காணாமலோ, அண்ணன் படியில் இறங்கி வந்து வாசலில் நின்றான். மடியிலிருந்த போர்வையைப் பார்த்தான், மாத்திரைப் பெட்டியைப் பார்த்தான். அடி வாங்கியவன் மாதிரி இருந்தது அவன் முகம். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் நகரவில்லை.

"அப்ப அந்த லிஃப்ட் யாருக்கு பாப்பா?" என்றான்.

"அண்ணியோட அக்காவுக்கு," என்றேன். "முட்டி வலியோட அவங்க ஏன் படி ஏறணும்? அவங்க மேல தங்கட்டும்."

மாடியிலிருந்து சோலார்காரர் குரல் கொடுத்தார். லிஃப்டைப் படிவத்தில் சேர்க்கவா, வேண்டாமா என்று கேட்டார். அண்ணன் உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சுவரோரம் மாட்டியிருந்த உறையை உருவினான்.